வெள்ளரி வேரில் முடிச்சு: மரபணுவை அடக்கும் விதை எங்கே கிடைக்கும்?

அரைஏக்கர் #1

தளி பக்கம் அரை ஏக்கர் பாலிஹவுஸ் வைத்திருக்கிறேன். வெள்ளரி. முதல் இரண்டு போகம் குறை சொல்ல முடியாது. மூன்றாவது போகத்தில் நட்ட முப்பதாம் நாளே மதிய வெயிலுக்குச் செடி துவண்டது. சாயங்காலம் நிமிர்ந்துவிடும், மறுநாள் மறுபடியும் துவளும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து சொட்டுநீர் விடும் நேரத்தைக் கூட்டினேன். ஒரு வாரம் கழித்து ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க இஞ்சிக் கிழங்கு மாதிரி முடிச்சு.

நூற்புழு என்று தெரிந்ததும் மருந்துக் கடைக்குப் போனேன். அங்கே ஒருவர் "ஆர்.என்.ஏ மருந்து, புழுவின் மரபணுவையே அணைத்துவிடும்" என்று ஒரு பாட்டிலை நீட்டினார். லிட்டர் 4,800 ரூபாய். லேபிளில் என்ன சரக்கு, எத்தனை சதவீதம் என்று ஒன்றுமே இல்லை. வாங்காமல் வந்துவிட்டேன்.

உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் என் அக்கா மகன் சொல்கிறான்: மரபணு அடக்கம் என்பது உண்மைதான், 2006-லேயே மதுரையில் செய்து காட்டிவிட்டார்கள் என்று. அப்படியானால் இருபது வருடம் ஆகப்போகிறது. அந்த விதை எங்கே? கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_ஏஓ #2

தம்பி, அந்த பாட்டிலைத் தொடாமல் வந்தது நல்லது. பதிவு எண்ணும் சரக்கின் பெயரும் இல்லாத எதையும் சொட்டுநீரில் விடாதீர்கள். நூற்புழுவுக்கு ஆர்.என்.ஏ மருந்து என்று எதுவும் இங்கே பதிவாகி விற்பனைக்கு வந்து நான் பார்த்ததில்லை.

ஒரு கேள்வி. முடிச்சு வேரோடு சேர்ந்தே வீங்கியிருக்கிறதா, கையால் தட்டினால் உதிர்கிறதா? பயறு வகையில் வரும் வேர்முண்டு உதிரும், அது நல்லது. நூற்புழு முடிச்சு உதிராது. வெள்ளரி என்கிறீர்கள், அதனால் சந்தேகம் இல்லை. இருந்தாலும் கேட்பது பழக்கம்.

அரைஏக்கர் #3

உதிரவில்லை ஐயா. கீறிப் பார்த்தபோது உள்ளே குண்டூசித் தலையைவிடச் சிறிதாக வெள்ளை முத்து போல இருந்தது.

ஊசிவாய் #4

அந்த வெள்ளை முத்துதான் பெண் புழு. அண்ணா, நான் இதே வேர்முடிச்சுப் புழுவில் ஆர்.என்.ஏ வேலை பார்த்த ஆய்வு மாணவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரபணு அடக்கம் என்றால் மரபணுவை அழிப்பது இல்லை. மரபணு இருந்த இடத்திலேயே இருக்கும். அதிலிருந்து புரதம் செய்யச் சொல்லிக் கிளம்பும் சீட்டை (தூது ஆர்.என்.ஏ) வழியில் பிடித்துக் கிழித்துவிடுவதுதான் வேலை. அந்தச் சீட்டின் எழுத்து வரிசையிலேயே ஈரிழை ஆர்.என்.ஏ ஒன்றைச் செய்து செல்லுக்குள் அனுப்பினால், செல் அதை வைரஸ் மாதிரி நினைத்து 21 முதல் 24 எழுத்து நீளத்துக்குத் துண்டு போடுகிறது. பிறகு அந்தத் துண்டுகளை மாதிரியாக வைத்துக்கொண்டு, அதே வரிசை உள்ள சீட்டுகளையெல்லாம் தேடிப் பிடித்து வெட்டுகிறது.

இதை முதலில் செடியில்தான் பார்த்தார்கள், என்னவென்று தெரியாமலே. 1990-ல் பெட்டூனியா பூவின் ஊதா நிறத்தை அடர்த்தியாக்க நிற மரபணுவைக் கூடுதலாகப் புகுத்தினார்கள், சில செடிகளில் பூ வெள்ளையாகப் போய்விட்டது. ஏன் என்பது 1998-ல் தெளிந்தது. ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் ஈரிழை ஆர்.என்.ஏதான் காரணம் என்று காட்டினார்கள். 2006-ல் நோபல். அவர்கள் வேலை செய்த உயிர் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ், அதுவும் ஒரு நூற்புழு! பாக்டீரியாவைத் தின்னும் அப்பாவி. அதனால் பயிரைத் தின்னும் சொந்தக்காரனிடமும் இது செல்லும் என்று எல்லோருக்கும் உடனே தோன்றியது.

அங்கேதான் சிக்கல். நம் புழுவின் குஞ்சு வேருக்குள் போய் உட்கார்ந்து உணவிடம் அமைக்கும் வரை எதையும் விழுங்காது. அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த நீளம், உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பிலேயே ஓடுகிறது. ஆர்.என்.ஏ கரைசலில் நாள் முழுக்க ஊறப்போட்டாலும் வாயைத் திறக்காது. 2002-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலையில் ஆக்டோபமைன் என்ற பொருளைச் சேர்த்து முட்டைக்கூட்டுப் புழு என்ற இன்னொரு வகை நூற்புழுவின் குஞ்சை விழுங்க வைத்தார்கள். வேர்முடிச்சுப் புழுவுக்குப் பிறகு ரிசார்சினால் பயன்பட்டது. நானும் அதைத்தான் பயன்படுத்தினேன். நுண்ணோக்கியில் ஊசிவாய் முன்னும் பின்னும் அடிக்கத் தொடங்கும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதனால்தான் இந்தப் பெயரையே வைத்துக்கொண்டேன்.

ஆனால் ஊறவைத்த புழு சில நாளில் மீண்டுவிடும். அடக்கம் தொடர வேண்டுமானால் அது தின்னும் இடத்திலேயே ஆர்.என்.ஏ இருக்க வேண்டும். அதாவது செடியே அதைத் தயாரிக்க வேண்டும். 2006-ல் இரண்டு குழுக்கள் அதைச் செய்தன. ஜார்ஜியா பல்கலையின் ரிச்சர்டு ஹஸ்ஸி குழு 16டி10 என்ற மரபணுவைக் குறிவைத்து, அரபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியில் நான்கு வகை வேர்முடிச்சுப் புழுக்களின் முடிச்சுகளை 63 முதல் 90 சதவீதம் வரை குறைத்தது. இன்னொன்று உங்கள் அக்கா மகன் சொன்னது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் கே. சுப்பிரமணியம், பி.சி. யாதவ், மதுரை காமராசர் பல்கலையில் கே. வேலுதம்பி. புகையிலைச் செடியில் புழுவின் இரண்டு அத்தியாவசிய மரபணுக்களைத் தனித்தனியாகக் குறிவைத்தார்கள். 95 சதவீதத்துக்கு மேல் எதிர்ப்பு. அக்கா மகன் சரியாகத்தான் படித்திருக்கிறான்.

கேள்விக்குறி #5

படிக்க நன்றாக இருக்கிறது. அப்படியே என் கேள்விக்கும் பதில் சொல்லுங்கள். செடி முழுக்க அந்த ஆர்.என்.ஏ ஓடினால் வெள்ளரிக்காயிலும் இருக்கும்தானே? அதை நாம் தின்போம். மண்ணில் கெட்ட புழு மட்டுமா இருக்கிறது? நீங்கள் சொன்ன அந்த அப்பாவி நூற்புழு, மண்புழு எல்லாம் என்ன ஆகும்? "அத்தியாவசிய மரபணு" என்கிறீர்கள். எல்லா உயிருக்கும் அத்தியாவசியமானது என்றால் எல்லா உயிரிலும் ஒரே மாதிரி இருக்குமே.

ஊசிவாய் #6

கடைசிக் கேள்வி சரியான இடத்தில் விழுகிறது. நாம் தின்னும் ஒவ்வொரு காயிலும் கறியிலும் அந்த உயிரின் ஆர்.என்.ஏ நிறையவே இருக்கிறது. வயிற்று அமிலமும் நொதியும் அதை உடைத்துவிடும். அதனால் முதல் கேள்வி எனக்குப் பெரிய பயம் தரவில்லை.

இரண்டாவதுதான் நிஜமான வேலை. மதுரை, கான்பூர் குழு எடுத்ததில் ஒன்று, சீட்டை வெட்டி ஒட்டித் திருத்தும் வேலைக்கான மரபணு. அது இல்லாமல் எந்தப் புழுவும் பிழைக்காது, அதனால் அடி பலமாக விழும். ஆனால் அதே வேலைக்கான மரபணு மண்புழுவிடமும் நம்மிடமும் இருக்கிறது. எனவே நம் புழுவுக்கு மட்டுமே உரிய எழுத்து வரிசை உள்ள பகுதியைத் தேடி எடுக்க வேண்டும். 16டி10 அப்படியில்லை. புழு தன் உமிழ்நீர்ச் சுரப்பியில் செய்து செடிக்குள் துப்பும் 13 அமினோ அமிலப் பொருள் அது, செடியின் செல்லை ஏமாற்றி ராட்சதச் செல்லாக வளர்க்கும் வேலைக்கு. ஒட்டுண்ணிக்கு மட்டும் தேவையான கருவி. மண்ணில் சும்மா திரியும் புழுவிடம் அது இல்லை.

நான் 16டி10 கட்சி. என் வழிகாட்டி அத்தியாவசிய மரபணுக் கட்சி. இதற்காக டீக்கடையில் சண்டையே நடந்திருக்கிறது.

விதைக்கணக்கு #7

விதை கம்பெனியில் பதினைந்து வருடம் இருந்தவன் என்ற முறையில் "விதை எங்கே" என்பதற்கு நான் பதில் சொல்கிறேன். அறிவியல் தோற்றுப்போய் விதை வராமல் இல்லை. பணம் கட்டுபடியாகாமல்தான் வரவில்லை.

செடிக்குள் வெளி மரபணு வைத்தால் அது மரபணு மாற்றுப் பயிர். இந்தியாவில் பி.டி. கத்தரி எல்லாச் சோதனையும் தாண்டி வந்து 2010 பிப்ரவரியில் நிறுத்திவைக்கப்பட்டது. இன்னும் அதே நிலைதான். அதைப் பார்த்த பிறகு எந்த கம்பெனி வெள்ளரிக்காக இத்தனை வருடம், இத்தனை கோடி போடும்? மக்காச்சோளத்தில் போட்டார்கள். வேர்ப்புழு வண்டுக்கு எதிராக இதே ஈரிழை ஆர்.என்.ஏ வைத்த மக்காச்சோளத்துக்கு அமெரிக்கா 2017-ல் அனுமதி கொடுத்தது. அங்கே ஒரு ரகம் லட்சக்கணக்கான ஏக்கரில் போகும். பாலிஹவுஸ் வெள்ளரி மொத்தமாக எத்தனை ஏக்கர்? அதுவும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரகம் மாற்றிக் கேட்பீர்கள்.

2022-ல் மத்திய அரசு மரபணுத் திருத்தத்தில் (செடியின் சொந்த மரபணுவிலேயே எழுத்தை மாற்றுவது) வெளி மரபணு மிஞ்சாத வகைகளுக்கு விலக்கு கொடுத்தது. 2025-ல் இரண்டு நெல் ரகங்களையும் அறிவித்தார்கள். ஆர்.என்.ஏ அடக்கம் அந்தக் கதவு வழியாக நுழையாது, ஏனென்றால் ஈரிழையைத் தயாரிக்கும் மரபணு செடிக்குள் நிரந்தரமாக இருந்தாக வேண்டும். இது பலருக்குத் தெரியாது, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

அரைஏக்கர் #8

சரி, கணக்கு புரிகிறது. ஆனால் 95 சதவீதம் என்பது பெரிய விஷயம்தானே. எனக்கு 80 கிடைத்தாலே போதும்.

பழைய_ஏஓ #9

தம்பி, நூற்புழுவில் சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஒரு பெண் புழு முந்நூறு முதல் ஐந்நூறு முட்டை இடும். ஆண் தேவையில்லை, இந்த இனம் தனியாகவே பெருகும். பாலிஹவுஸ் சூட்டில் ஒரு தலைமுறைக்கு ஒரு மாதத்துக்கும் குறைவுதான். வெள்ளரி மூன்று மாதம் நிற்கிறது.

ஆயிரம் குஞ்சு வேரைத் தேடி வந்து 95 சதவீதம் தோற்றால் 50 மிஞ்சும். 50 பேர் ஆளுக்கு 400 முட்டை என்றால் 20,000. எல்லாம் பிழைக்காது, மண்ணில் பாதிக்கு மேல் வீணாகும். இருந்தாலும் மூன்றாவது மாதம் நீங்கள் பிடுங்கும் வேரில் முடிச்சு இருக்கத்தான் செய்யும்.

இதைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை. முதல் முப்பது நாள் வேர் சுத்தமாக இருந்தால் மகசூல் வந்துவிடும். அந்த வகையில் 80 கூட நல்லதுதான். ஆனால் மிஞ்சிய புழு அடுத்த போகத்துக்கு மண்ணில் முட்டை போட்டுவிட்டுத்தான் போகும். எந்த எதிர்ப்பு ரகமும் மண் வேலையிலிருந்து உங்களுக்கு விடுதலை தராது.

மலைக்கிழங்கு #10

ஊட்டிப் பக்கம் உருளை போடும் குடும்பம். எங்கள் புழு வேறு, முட்டைக்கூட்டு நூற்புழு. 1961-ல் இங்கே கண்டுபிடித்தார்கள் என்று அப்பா சொல்வார். அதில் பெண் புழு செத்து, அதன் உடம்பே முட்டைப் பையாக மாறி மண்ணில் இருபது வருடம் கூடக் கிடக்கும். எதிர்ப்பு ரகமாக குஃப்ரி ஸ்வர்ணா வந்தது.

இங்கிலாந்துக் கதை ஒன்று எங்களுக்கு அதிகாரிகள் சொல்லிச் சொல்லி மனப்பாடம். மாரிஸ் பைப்பர் என்ற ரகத்தில் ஹெச்1 என்ற எதிர்ப்பு மரபணு இருந்தது. பொன்னிறக் கூட்டுப் புழுவை அது தடுத்தது. அதையே திரும்பத் திரும்ப நட்டார்கள். பொன்னிறப் புழு குறைந்தது, அதன் இடத்தில் வெள்ளைக் கூட்டுப் புழு பெருகி இப்போது அங்கே அதுதான் பெரிய தலைவலி. ஒரே பூட்டை எல்லாக் கதவுக்கும் போட்டால் இதுதான் நடக்கும்.

அதனால் என் கேள்வி ஊசிவாய்க்கு: உங்கள் ஆர்.என்.ஏவுக்குப் புழு பழகிவிடாதா?

ஊசிவாய் #11

பழகும் அண்ணா. நூற்புழுவில் செடி வழியாக இது வயலுக்கே போகாததால் அங்கே அனுபவம் இல்லை. வண்டுகளில் இருக்கிறது. மக்காச்சோள வேர்ப்புழு வண்டிலும் கொலராடோ உருளை வண்டிலும் ஆய்வகத்தில் எதிர்ப்பு உள்ள கூட்டத்தைத் தேர்ந்தெடுத்து உருவாக்கிக் காட்டிவிட்டார்கள். கவலை தருவது அது வந்த வழி. வேர்ப்புழு வண்டில் குறிவைத்த மரபணு மாறவில்லை, குடல் ஈரிழை ஆர்.என்.ஏவை உள்ளே எடுப்பதையே நிறுத்திக்கொண்டது. அப்படியானால் வேறு மரபணுவுக்கு மாற்றினாலும் பயன் இல்லை, எல்லா ஆர்.என்.ஏவும் ஒன்றாகத் தோற்கும்.

முதலில் நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். ஒரு மரபணுவுக்குப் பழகினால் அடுத்ததை எடுக்கலாம், வரிசையை மாற்றுவது கணினியில் பத்து நிமிட வேலை என்று பெருமையாகப் பேசியிருக்கிறேன். அந்த வண்டு ஆய்வைப் படித்த பிறகு அப்படிப் பேசுவதில்லை.

அரைஏக்கர் #12

செடிக்குள் வைக்காமல் மருந்தாகவே தெளித்தால்? கடைக்காரர் சொன்னதும் அதுதானே.

விதைக்கணக்கு #13

உலகத்தில் அப்படி ஒரு மருந்து இருக்கிறது. லெட்ப்ரோனா என்று பெயர், கொலராடோ உருளை வண்டுக்கு. 2023 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. இலையில் தெளிக்க வேண்டும், வண்டு இலையைத் தின்னும், சாகும். முன்பு ஒரு கிராம் ஈரிழை ஆர்.என்.ஏவுக்கு ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். இப்போது பெரிய அளவில் செய்யும்போது சில டாலருக்குள் வந்துவிட்டது. அதனால்தான் தெளிக்கும் பேச்சே எழுகிறது.

உங்கள் கடைக்காரர் அந்தச் செய்தியை எங்கேயோ கேட்டிருப்பார். பாட்டிலில் வேப்பெண்ணெயோ கடல்பாசியோ இருக்கும்.

ஊசிவாய் #14

இலையில் இருக்கும் வண்டு வேறு, மண்ணுக்குள் வேரில் இருக்கும் புழு வேறு. மண்ணில் ஊற்றினால் நுண்ணுயிர்களின் நொதிகள் ஆர்.என்.ஏவை இரண்டு மூன்று நாளில் தின்று தீர்த்துவிடும். அது சுற்றுச்சூழலுக்கு நல்ல செய்தி, உங்களுக்குக் கெட்ட செய்தி. தவிர மண்ணில் இருக்கும் குஞ்சு வாயைத் திறக்காது என்று முன்னால் சொன்னேனே, அதையும் சேர்த்துப் பாருங்கள். இலையில் தெளித்து வேருக்கு இறங்க வைப்பது இன்னும் கடினம்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலையில் களிமண் போன்ற நுண்துகள்களில் ஆர்.என்.ஏவை ஒட்டவைத்து, இலையில் கிட்டத்தட்ட மூன்று வாரம் வைரஸைத் தடுத்துக் காட்டினார்கள். வேருக்கு அதே மாதிரி ஒன்று வந்தால் நன்றாக இருக்கும். நான் மண்ணில் முயன்று பார்த்து மூன்று மாதம் வீணாக்கினேன், அது தனிக் கதை.

கேள்விக்குறி #15

ஆக இன்றைக்கு விவசாயி கையில் கொடுக்க ஒன்றும் இல்லை. அதைத்தான் முதலிலேயே சொல்ல வந்தேன்.

நாற்றங்கால் #16

கேள்விக்குறி அண்ணா, அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட வேண்டாம். நாங்கள் ஒட்டு நாற்று செய்கிறோம். கத்தரியைச் சுண்டை வேரில் ஒட்டுகிறோம். சுண்டைக்கு வேர்முடிச்சுப் புழு அவ்வளவாக ஏறாது. எனக்கு இந்த மரபணு அடக்கத்தில் பிடித்த யோசனை ஒன்று உண்டு: அடி வேர்ச்செடியில் மட்டும் அதை வைத்து, மேலே சாதாரணச் செடியை ஒட்டுவது. காய் காய்க்கும் பகுதியின் மரபணுவை யாரும் தொடவில்லை. விதியில் எப்படிப் பார்ப்பார்கள் என்பது விதைக்கணக்கு அண்ணனுக்குத்தான் தெரியும்.

விதைக்கணக்கு #17

செடியின் பாதி மரபணு மாற்றம் என்றால் முழுச்செடிக்கும் அதே விசாரணைதான் நடக்கும். தவிர சிறு ஆர்.என்.ஏ ஒட்டைத் தாண்டி மேலே பயணிக்கும் என்று செடிகளில் காட்டியிருக்கிறார்கள். எனவே காயில் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் யோசனை நல்ல யோசனை.

அரைஏக்கர் #18

வெள்ளரிக்கு அப்படி ஒட்டு வேர் உண்டா?

நாற்றங்கால் #19

பூசணி வேரில் ஒட்டுவார்கள், வாடல் நோய்க்காக. அந்த வேரில் நூற்புழு நன்றாகவே ஏறும். வேர் பலமாக இருப்பதால் செடி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், மண்ணில் புழு பெருகிக்கொண்டே இருக்கும். உங்களுக்கு அதை விற்க எனக்கு மனம் வரவில்லை.

பழைய_ஏஓ #20

இப்போது செய்யக்கூடியது: இந்தப் போகத்தை முடித்துவிட்டு வேரோடு பிடுங்கி வெளியே கொண்டுபோய் எரியுங்கள், குழியில் போடாதீர்கள். ஏப்ரல், மே வெயிலில் மண்ணை ஈரமாக்கி, மெல்லிய பாலித்தீன் விரித்து ஓரம் மூடி, பாலிஹவுஸையும் சாத்திவிட்டு ஆறு வாரம் விடுங்கள். அதன் பிறகு ஒரு போகம் செண்டுமல்லி. நடவுக்கு முன் வேப்பம்புண்ணாக்கோடு பர்பூரியோசிலியம் பூஞ்சாணத்தைக் கலந்து இடுங்கள், அது முட்டையைத் தின்னும். குடைமிளகாய்க்கு மாறினால் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அதிலும் ஏறும்.

ஊசிவாய் #21

ஐயா சொன்னதோடு ஒன்று. முடிச்சு வேரைக் கொஞ்சம் மண்ணோடு எடுத்து, ஈரம் காயாமல் கவரில் போட்டு, கோவை வேளாண் பல்கலையின் நூற்புழுவியல் துறைக்குக் கொடுத்து எந்த இனம் என்று பாருங்கள். வழக்கமான இன்காக்னிட்டா இனம் என்று நாமே முடிவு செய்துகொண்டு பேசுகிறோம். 2016-ல் தமிழ்நாட்டுக் கொய்யாவில் எண்டிரோலோபி என்ற இனத்தைப் பதிவு செய்தார்கள். அது மோசமான ரகம். தக்காளியில் எம்.ஐ. என்ற எதிர்ப்பு மரபணு இருக்கிறதே, அது இன்காக்னிட்டாவைத் தடுக்கும் (மண் 28 டிகிரிக்கு மேல் சூடானால் அதுவும் தளரும்). எண்டிரோலோபியை அது தடுக்கவே தடுக்காது. நாளைக்கு ஆர்.என்.ஏ விதையே வந்தாலும் இனம் தெரியாமல் அதன் மரபணு வரிசையைத் தேர்ந்தெடுக்க முடியாது.

பக்கத்தில் கொய்யா எதுவும் இல்லையே?

அரைஏக்கர் #22

இருக்கிறது. இரண்டு வருடம் முன்னால் என் அண்ணன் வெளியூர் நர்சரியிலிருந்து நாற்பது கொய்யாக் கன்று கொண்டுவந்து பாலிஹவுஸுக்கு மேல்பக்கம் வைத்தார். மழை பெய்தால் அங்கிருந்துதான் தண்ணீர் இறங்கும். பாத்தி கட்டிய மண்வெட்டியும் ஒன்றேதான். இலை வெளிறி வளராமல் நிற்கிறது, உரம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். போய்த் தோண்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அரைஏக்கர் #23

தோண்டினேன். முடிச்சு கோலிக்குண்டு அளவு இருக்கிறது. வெள்ளரி வேர் ஒரு கவர், கொய்யா வேர் ஒரு கவர், திங்கட்கிழமை கோவைக்குக் கிளம்புகிறேன்.

பழைய_ஏஓ #24

தனித்தனிக் கவரில் பெயர் எழுதிப் போடுங்கள் தம்பி. அந்த மண்வெட்டியை இனி மேல்பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.